கூமுட்டைகளின் கணக்கு

பாகூர் ஏரிப் பாசனத்தில் விளைந்த வைக்கோலைப் போராகக் குவித்து வைத்திருந்த உறவினர் வீட்டுக் களம் அது. ஒரு கோடையில் போரைப் பிரித்தபோது அடியில் ஒன்பது முட்டைகள் கிடந்தன. கோழிமுட்டையைவிடச் சற்றே ஒடுங்கி நீண்டவை; தொட்டால் தோல்போலக் குழிந்தன. சாரையின் முட்டைகள் என்றார் பெரியப்பா. மண்வெட்டிக்கு இரையாகவிருந்த அவற்றை, அத்தெருவில் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்த அண்ணன் ஒருவர் கெஞ்சி வாங்கிக்கொண்டார்.

அவர் எல்லாவற்றையும் அக்கறையோடுதான் செய்தார். முட்டைகளைத் தண்ணீரில் கழுவினார். மண்சட்டியில் உமி பரப்பி அடுக்கினார். அடைக்கோழி செய்வதைப்போல நாள்தோறும் புரட்டி வைத்தார். மூன்று வாரங்களில் சட்டியிலிருந்து நாற்றம் கிளம்பியது. ஒரு மாலையில் வரப்போரம் குழிதோண்டிப் புதைத்துவிட்டு வந்தவர் பிறகு அதைப் பற்றி வாய்திறக்கவேயில்லை. சாரையின் முட்டையை எடுத்து வைத்திருப்பதும் சட்டப்படி குற்றம் என்பது அவருக்கோ எங்களுக்கோ அன்று தெரியாது. எனக்குத் தெரிந்ததெல்லாம் ஒரு கணக்கு மட்டுமே: ஒன்பதில் பூஜ்யம்.

மனிதர் பராமரிப்பில் பாம்புகள் இனம்பெருக்கிய வரலாற்றைப் பல ஆண்டுகள் கழித்துத் தேடிப் படிக்க நேர்ந்தபோது அந்தச் சட்டி நினைவுக்கு வந்தது. அவ்வரலாற்றின் பெரும்பகுதி கெட்டுப்போன முட்டைகளால் ஆனது. அதன் முதல் அத்தியாயங்களில் ஒன்றோ, நம் ஊர்களைக் ‘கொம்யூன்’ என்று பிரித்து ஆண்ட பிரெஞ்சுக்காரர்களின் தலைநகரில் நிகழ்ந்தது.

*

வில்லியனூரும் பாகூரும் பிரெஞ்சு ஆட்சியின் கீழிருந்த பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், புதுச்சேரிக்கும் பாரிஸின் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்துக்கும் இடையே உயிரினங்களின் போக்குவரத்து ஒன்று நடந்துவந்தது. 1816இல் புதுச்சேரிக்கு வந்த தாவரவியலாளர் லெஷனோ தெ லா தூர் இங்கிருந்து செடிகளோடும் விதைகளோடும் பாம்புகளையும் பதப்படுத்தி அனுப்பினார். ஆனால் சாராயப் புட்டிக்குள் கிடக்கும் பாம்பு தன் செதில்களின் எண்ணிக்கையைச் சொல்லுமே தவிர, எப்படி வாழ்ந்தது, எப்படி இனம்பெருக்கியது என்பதைச் சொல்லாது.

அந்த இடைவெளியில் 1832இல் ஒரு செய்தி வந்து விழுந்தது. இந்தியாவில் பயணம் செய்து திரும்பிய லமார்-பிக்கோ, இந்நாட்டு மலைப்பாம்பு தன் முட்டைகளைச் சுற்றிச் சுருண்டு, பறவையைப்போலச் சூடு கொடுத்து அடைகாக்கிறது என்று பிரெஞ்சு அறிவியல் கழகத்துக்குத் தெரிவித்தார். கழகம் அதை ஏற்கவில்லை. ஊர்வனவியலின் பெரும்பெயரான துய்மெரிலே ஐயுற்றார். பாம்பு குளிர்ந்த உடல் கொண்டது. தனக்கே வெயிலைத் தேடும் பிராணி முட்டைக்கு எங்கிருந்து சூடு கொடுக்கும்?

அந்த ஐயத்தை முழுக்கக் குறைசொல்லவும் முடியாது. நம் ஊர்களில் சாரை மாட்டின் காலைக் கட்டிக்கொண்டு மடியில் பால் குடிக்கும் என்று இன்றும் சத்தியம் செய்வோர் உண்டு. அது நடவாத காரியம். மலைப்பாம்பு அடைகாக்கும் என்பதும் அதே திண்ணைகளில் பேசப்படும் விஷயம்தான், அது உண்மை. இரண்டையும் ஒரே தராசில் வைத்து ஒதுக்குவது சுலபம். பிரித்தறிய ஒரே வழி, உயிருள்ள பாம்பை வைத்துக்கொண்டு காத்திருப்பது.

அந்த வாய்ப்பு 1841இல் வந்தது. பாரிஸ் தாவரப் பூங்காவின் விலங்குக்காட்சியில் இரட்டைக்கோட்டு மலைப்பாம்பு ஒன்று, நாம் இன்று பர்மிய மலைப்பாம்பு என்று அழைக்கும் இனம், மே மாதத் தொடக்கத்தில் 15 முட்டைகளை இட்டு அவற்றின்மீது கூம்புபோலச் சுருண்டு கொண்டது. வாலென்சியென் என்ற விலங்கியலாளர் சுருள்களுக்கிடையே வெப்பமானியைச் செருகி அளவுகளைக் குறித்துக்கொண்டே வந்தார். தாய் இரையைத் தொடவில்லை. சூழலைவிடச் சுருளின் உள்ளே வெப்பம் தெளிவாக உயர்ந்திருந்தது. ஏறத்தாழ எட்டு வாரங்களுக்குப் பிறகு, ஜூலைத் தொடக்கத்தில் குட்டிகள் ஓட்டைக் கிழித்துக்கொண்டு தலைநீட்டின. ஒன்பது ஆண்டுகளாக ஏளனத்துக்குரியதாயிருந்த கூற்று அன்று மெய்யானது.

இந்நிகழ்வை வெற்றிக்கதையாகவே நூல்கள் சொல்கின்றன. என் மனம் நின்றது வேறோர் எண்ணில். 15இல் பொரித்தவை எட்டு. மிச்சம் ஏழு பொரிக்கவில்லை. அந்த ஏழையும் மறைக்காமல் எழுதி வைத்ததனால்தான் எட்டு என்ற எண்ணுக்கு நம்பகம் கிடைத்தது என்று எனக்குத் தோன்றுகிறது.

இருபத்தோர் ஆண்டுகள் கழித்து, 1862 ஜனவரியில், லண்டன் விலங்கியல் தோட்டத்தில் ஆப்பிரிக்க மலைப்பாம்பு ஒன்று ஏறத்தாழ நூறு முட்டைகளை இட்டது. நகரமே வேடிக்கை பார்த்தது. தாய் வாரக்கணக்கில் அவற்றைச் சுற்றிக் கிடந்தது. ஏப்ரலில் முட்டைகளை அகற்றினார்கள், எல்லாம் கெட்டுவிட்டிருந்தன. சிலவற்றுக்குள் வளர்ந்து பாதியில் நின்றுபோன கருக்கள் இருந்தன. நூறில் பூஜ்யம்.

ஆனால் லண்டன்காரர்கள் சட்டியை வரப்போரம் புதைத்துவிட்டு மௌனமாகிவிடவில்லை. உடனிருந்த ஆண் பாம்பின் வெப்பத்தையும் அடைகாத்த பெண்ணின் வெப்பத்தையும் ஒப்பிட்டு அளந்ததையும், முட்டைகள் கெட்ட விதத்தையும் சங்கத்தின் நடவடிக்கைக் குறிப்பில் அச்சேற்றினார்கள். கருக்கள் இருந்தன என்ற ஒரு வரி முக்கியமானது. முட்டைகள் சூல்கொண்டவைதாம், இடையில் ஏதோ தவறிவிட்டது என்பதைப் பின்வந்தவர்களுக்குச் சொன்னது அந்த வரி.

அடைகாக்கும் மலைப்பாம்பின் சூட்டுக்கு 1966இல் நியூயார்க் விலங்கியல் பூங்காவின் பாம்பொன்றை ஆராய்ந்த ஹட்சிசன், டௌலிங், வினிகர் ஆகிய மூவர் விடை கண்டார்கள். தாய்ப்பாம்பு தன் தசைகளைத் தாளகதியில் இறுக்கித் தளர்த்துகிறது. குளிரில் நாம் நடுங்குவதைப் போன்றது அது. சூழல் 33 டிகிரி செல்சியஸிலிருந்து இறங்க இறங்க அந்த அசைவும் அதன் மூச்சுச் செலவும் கூடிக்கொண்டே போயின. லமார்-பிக்கோவின் அறிக்கைக்கும் இதற்கும் இடையே 134 ஆண்டுகள்.

*

இந்தக் குறிப்புகள் எல்லாம் சேர்ந்து இன்று என்ன சொல்கின்றன? பறவை முட்டையும் பாம்பு முட்டையும் ஒன்றல்ல. கோழிமுட்டையைப் புரட்டாவிட்டால் கரு ஓட்டோடு ஒட்டிக் கெடும். பாம்பு முட்டையிலோ இட்ட சிறிது காலத்துக்குள் கரு மேற்புறத்தில் இடம்பிடித்துவிடுகிறது. பிறகு புரட்டினால் அது அழியக்கூடும். ஓடு தோல்போன்றதாகையால் ஈரத்தை உறிஞ்சும், இழக்கவும் செய்யும். ஈரம் குறைந்தால் முட்டை வற்றிச் சுருங்கும். மிகுந்தால் பூஞ்சை பிடிக்கும். ஒட்டிக்கொண்டிருக்கும் முட்டைகளைப் பிரித்தால் ஓடு கிழியும். வெப்பம் சில டிகிரி கூடினாலும் குட்டி முதுகெலும்பு கோணிப் பிறக்கலாம். பொரித்து வந்த பிறகும் கண்டம் தீராது: முதல் சட்டை உரிக்கும்வரை கருவின் மிச்சத்தில் வாழும் குட்டி, அதன்பின் வைத்த இரையைத் தொடாமலே மெலிந்து சாவதுண்டு.

அப்படியானால் எங்கள் அண்ணன் கழுவியது தவறு, புரட்டியது தவறு, காய்ந்த உமி தவறு. அவருடைய அன்பு கோழியிடமிருந்து கற்றது, பாம்புக்குப் பொருந்தவில்லை. அதை அவருக்குச் சொல்ல ஒரு குறிப்பும் அன்று அந்த ஊரில் இல்லை. நிருபதுங்கவர்மன் காலத்தில் பாகூரின் கல்விச்சாலைக்கு மூன்று ஊர்கள் கொடையளிக்கப்பட்டதைச் செப்பேட்டில் வெட்டிவைத்த மண் அது. தானங்களைப் பொறித்தோம்; தவறுகளைப் பொறிக்கும் வழக்கம் நம்மிடம் வேரூன்றவில்லை.

ஏட்டில் ஏறாத அறிவு மட்டும் வேறோரிடத்தில் இருந்தது. தொண்டை நாட்டின் இருளர்கள் வளையின் வாயைப் பார்த்தே உள்ளே இருப்பது நாகமா சாரையா என்று சொல்வார்கள். புதுச்சேரிக் கிராமங்களிலும் அவர்கள் வாழ்கிறார்கள். 2016இல்தான் இங்கே பட்டியல் பழங்குடியாக அறிவிக்கப்பட்டார்கள். அவர்களுடைய அறிவை நெடுங்காலம் விலைக்கு வாங்கியது தோல் வணிகம். ஆண்டுக்கு லட்சக்கணக்கான பாம்புகள் தோலுரிக்கப்பட்டு ஏற்றுமதியாயின. 1972இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1976இல் பாம்புத்தோல் ஏற்றுமதி தடைசெய்யப்பட்டது. பாம்புகளுக்குக் கிடைத்த விடுதலை இருளர்களின் அடுப்பை அணைத்தது.

சேலையூரில் சிறிதாகத் தொடங்கி 1972இல் கிண்டிக்கு மாறிய சென்னைப் பாம்புப் பண்ணையின் நிறுவனர் ரோமுலஸ் விட்டேகர், தமக்குப் பாம்பு பிடிக்கக் கற்றுத்தந்தவர்கள் இருளர்கள்தாம் என்று ஒளிவின்றிச் சொல்லிவந்தவர். அவரும் இருளர்களும் சேர்ந்து கண்ட வழி 1978இல் பதிவான இருளர் பாம்புபிடிப்போர் கூட்டுறவுச் சங்கம். நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டைவிரியன் ஆகிய நான்கையும் உரிமம் அனுமதிக்கும் எண்ணிக்கையில் பிடித்து, மண்பானைகளில் சில வாரங்கள் வைத்து, விஷமெடுத்து, மீண்டும் காட்டில் விடுவது அதன் முறை. விடுமுன் வயிற்றுச் செதிலில் சிறு அடையாளமிடுவார்கள். அதே பாம்பு மறுபடி அகப்பட்டால் தெரிந்துவிடும். இது வளர்ப்பு அல்ல, இனப்பெருக்கமும் அல்ல. ஆனால் ஒவ்வோர் உயிருக்கும் கணக்கு உண்டு. தோலாகக் குவிந்த காலத்தில் தனித்தனிப் பாம்புக்குக் கணக்கில்லை.

*

இனி வரலாற்றின் திருப்பம். 1841இல் பாரிஸில் எட்டுக் குட்டிகளை அதிசயமாக ஈந்த அதே இனம், இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அமெரிக்காவில் மலிவான செல்லப்பிராணியாயிற்று. கற்றுக்கொள்ள வேண்டியதையெல்லாம் வளர்ப்பாளர்கள் கற்றுவிட்டிருந்தார்கள். முட்டைகள் கெடுவது குறைந்தது. கையகலக் குட்டியாக வாங்கியது சில ஆண்டுகளில் ஆளுயரத்தைத் தாண்டியபோது பலரால் சமாளிக்க முடியவில்லை. இரவோடிரவாகச் சதுப்பு நிலத்தில் விட்டார்கள். 1992இல் வீசிய ஆண்ட்ரூ புயலில் சிதைந்த வளர்ப்பிடம் ஒன்றிலிருந்தும் பாம்புகள் தப்பின. ஃப்ளோரிடாவின் எவர்கிளேட்ஸில் அவை பெருகி முயல்களையும் ரக்கூன்களையும் அருகச் செய்துவிட்டன. 2012இல் அந்நாடு அவற்றின் இறக்குமதியைத் தடைசெய்தது, காலம் கடந்துவிட்டிருந்தது.

2017இல் அந்தச் சதுப்புக்கு அழைக்கப்பட்டவர்கள் செங்கல்பட்டுப் பக்கத்து இருளர்களான மாசி சடையனும் வடிவேல் கோபாலும். இயந்திரங்களும் மோப்ப நாய்களும் திணறிய இடத்தில், ஒரு கம்பியும் தம் கண்களுமாக நடந்த இருவரும் முதல் இரண்டு வாரங்களுக்குள்ளாகவே 13 மலைப்பாம்புகளைப் பிடித்தார்கள். அவற்றுள் ஒன்று, கைவிடப்பட்ட ஏவுகணைத் தளத்தின் குழாயொன்றில் பதுங்கியிருந்த 16 அடிப் பெண். 2023இல் இருவருக்கும் பத்மஸ்ரீ வழங்கப்பட்டது.

வளர்ப்பின் பின்னடைவு என்றால் முட்டை கெடுவது என்றுதான் நாம் எண்ணுகிறோம். அதைவிடப் பெரிய பின்னடைவு, முட்டை கெடாமல், வளர்த்தவர் மனம் கெடும்போது நேர்கிறது. இறந்த குட்டியைப் புதைக்கிறவர் தன் இழப்பைத் தன்னோடு வைத்துக்கொள்கிறார். வளர்ந்துவிட்ட பாம்பை ஏரியில் விடுகிறவர் தன் இழப்பை ஊர்மீது ஏற்றிவிடுகிறார்.

இன்று இவ்வரலாறு நம் வாசலுக்கும் வந்திருக்கிறது. நாகம், சாரை, மண்ணுளி, மலைப்பாம்பு என நம் மண்ணின் பாம்பு எதையும் வீட்டில் வளர்க்கச் சட்டம் இடந்தரவில்லை. புதுச்சேரிக்கும் அதே சட்டம்தான். ஆனால் ஆப்பிரிக்கப் பால் பைத்தான் போன்ற அயல்நாட்டுப் பாம்புகளை வளர்ப்போர் உண்டு. 2022இல் திருத்தப்பட்டு 2023 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த சட்டமும், 2024இல் வந்த விதிகளும் பன்னாட்டு வணிக ஒப்பந்தப் பட்டியலிலுள்ள இத்தகைய உயிர்களைப் பதிவு செய்யச் சொல்கின்றன. பிறப்பும் இறப்பும் தெரிவிக்கப்பட வேண்டியவை. இதைத் தொல்லை என்று முணுமுணுப்பவர்கள் வாலென்சியெனின் ஏழு முட்டைகளை நினைத்துக்கொள்ளலாம். செத்ததை எழுதச் சொல்லும் விதி, செத்தது ஏன் என்று யோசிக்கவும் சொல்கிறது. பாகூர் ஏரியும் ஊசுட்டேரியும் எவருடைய சலிப்பையும் கொட்டும் இடங்கள் அல்ல.

வைக்கோற்போருக்கடியில் முட்டைகளைக் கண்டால் இன்று செய்யவேண்டியது எளிது. தொடாமல், புரட்டாமல் மீண்டும் மூடிவிட்டு வனத்துறைக்குச் சொல்வது. அகற்றியே ஆகவேண்டுமென்றால், கிடந்த நிலை மாறாமல் எடுப்பது எப்படி என்பது அவர்களுக்குத் தெரியும்.

சென்ற ஆண்டு வில்லியனூரில் ஒரு திருமணத்தில் அந்த அண்ணனைப் பார்த்தேன். தலை நரைத்துவிட்டது. பேச்சு சுற்றிவந்தபோது, முட்டைகளைப் புரட்டியிருக்கக் கூடாதாம் அண்ணே என்றேன். அவர் சற்று நேரம் பந்தியைப் பார்த்துக்கொண்டிருந்தார். “ஒண்ணைப் பிரிச்சுப் பாத்தேன்டா. உள்ளே இம்மாத்துண்டு, கண்ணு வச்சிருந்துச்சு” என்றார்.

நாற்பது ஆண்டுகளாக அவர் யாரிடமும் சொல்லாத வரி அது. லண்டன்காரர்கள் அச்சேற்றிய அதே வரி. அண்ணனின் அனுமதியோடு அதை இங்கே எழுதி வைக்கிறேன்: பாகூர், சாரை, ஒன்பது முட்டைகள், பொரித்தவை இல்லை, ஒன்றில் கரு இருந்தது.