மூடுபனியில் ஒலிச் சமிக்ஞையின் எல்லை

கப்பல்கள் ஒன்றோடொன்று மோதாமற் காக்கும் பொருட்டு 1972-இல் லண்டனில் வகுக்கப்பெற்று, 1977 ஜூலை 15 முதல் அமலுக்கு வந்த சர்வதேச விதிகளில், ஒலிச் சமிக்ஞைகளைப் பற்றிய பகுதி முதல் வாசிப்பில் முரண்பாடுடையதாகத் தோன்றும். ஒன்றையொன்று கண்ணாற் காணும் கப்பல்கள் தம் திருப்பத்தை ஊதலால் அறிவிக்கின்றன. குறும் ஊதல் ஒன்று வலப்புறம் திரும்புவதையும், இரண்டு இடப்புறம் திரும்புவதையும், மூன்று இயந்திரம் பின்னோக்கி இயங்குவதையும் உணர்த்தும். மூடுபனியிலோ, ஓடிக்கொண்டிருக்கும் இயந்திரக் கப்பல் இரண்டு நிமிஷத்துக்கு மேற்படாத இடைவெளியில் நெடிய ஊதல் ஒன்றை எழுப்ப வேண்டுமேயன்றி, எப்பக்கம் திரும்புகிறது என்று சொல்ல அதற்கு உரிமையில்லை. கண் உதவாத வேளையிலன்றோ செவிக்கு மிகுந்த செய்தி வேண்டும் என்ற ஆட்சேபம் இங்கே எழுதல் இயல்பு. எனினும் இந்த மௌனம் ஒலியின் சுபாவத்தை அறிந்த விவேகத்தின் விளைவு என்பதே நமது துணிபு.

ஜான் டிண்டால் 1873-இல் இங்கிலாந்தின் தெற்குக் கரையில், சௌத் போர்லாந்து முனையில் தொடங்கிய பரிசோதனைகள், மூடுபனி ஒலியைத் தடுப்பதில்லை என்பதையும், வெப்பமும் நீராவியும் சமமின்றிக் கலந்த காற்று, வானம் தெளிந்திருக்கும் நாளிலுங்கூட அதனைத் தேய்த்துவிடக்கூடும் என்பதையும் புலப்படுத்தின. ஆகவே, கேட்கும் ஒலியின் வலிமையைக் கொண்டு தூரத்தை அநுமானித்தல் பிழைக்கு இடமாகும். அன்றியும், வலம் என்பது ஊதுகின்ற கப்பலின் வலமாதலால், அதன் முகம் எத்திசை நோக்கியது என்பதைப் பிரத்தியட்சமாகக் காணாதவனுக்கு அச்சொல்லால் பயன் இல்லை.

இக்காரணம் பற்றியே, மூடுபனி ஒலிகள் கப்பலின் ஸ்திதியை மட்டும் தெரிவிக்கின்றன. மீன்பிடிக் கலமும், பாய்மரக் கலமும், இயக்கக் கட்டுப்பாட்டை இழந்த கப்பலும் நெடிய ஊதலை அடுத்து இரண்டு குறும் ஊதல்கள் எழுப்பும். நங்கூரமிட்ட கப்பல் நிமிஷந்தோறும் ஐந்து விநாடி மணியடிக்கும். நீளம் 100 மீட்டரும் அதற்கு மேலுமானால் பின்புறத்தில் சேகண்டியும் சேர்ந்து ஒலிக்கும். முன்புறத்திலிருந்து வருவதாகத் தோன்றும் ஊதலைக் கேட்ட கப்பல், மோதும் அபாயமில்லை என்று நிச்சயித்தாலன்றி, சுக்கானுக்கு அடங்குமளவு வேகத்தைத் தாழ்த்தியே தீரவேண்டும்.

1956 ஜூலை 25 இரவில், நாண்டுக்கெட் தீவின் தெற்கே, இத்தாலியின் ‘ஆண்ட்ரியா டோரியா’வும் சுவீடனின் ‘ஸ்டாக்ஹோ’மும் மோதிய விபத்தை எதிர்வாதமாகக் காட்டுவோர் உளர். முதலில் ராடாரில் மட்டுமே ஒன்றையொன்று கண்ட அக்கப்பல்களுள் முன்னது இடப்புறமும் பின்னது வலப்புறமும் திரும்பியதைப் பரஸ்பரம் அறிவித்திருந்தால் கேடு நேர்ந்திராது என்பது அவர்கள் கருத்து. ஆனால் ‘டோரியா’ நான்கு பாகை இடம் திரும்பியது மூன்று கடல்மைலுக்கு அப்பாலிருந்து. மிகப் பெரிய கப்பலின் ஊதலுக்கும் இன்றைய விதி கணிக்கும் கேள்தூரம் இரண்டு கடல்மைலே. மேலும், மூடுபனியினூடே ஏறத்தாழ 22 நாட் வேகத்தில் வந்த ‘டோரியா’வும், 18 நாட் வேகத்தில் எதிர்வந்த ‘ஸ்டாக்ஹோ’மும் அவ்விரண்டு கடல்மைலை மூன்றே நிமிஷத்தில் கடந்துவிடும், அதற்குள் கேட்கக்கூடிய மூடுபனி ஊதல் ஒன்றோ இரண்டோதான். ஊதலுக்கு மொழி போதவில்லை என்பதைக் காட்டிலும், அதனைக் கேட்டு ஆராய்வதற்கு வேகம் அவகாசம் விடவில்லை என்பதே பொருந்தும்.

சொற்ப ஆதாரத்தைக்கொண்டு, சிறப்பாக ராடாரின் சொற்ப ஆதாரத்தைக்கொண்டு, முடிவு கட்டலாகாது என இவ்விதிகளே பிறிதோரிடத்தில் எச்சரிக்கின்றன. மூடுபனியில் ஊதலுக்குக் கூடுதல் பொருளேற்றுதல் அவ்வெச்சரிக்கையைத் தளர்த்தி, அரைகுறை அநுமானத்தில் சுக்கானைத் திருப்பத் தூண்டும். வேகத்தைத் தணிக்கும் கடமையை அது மேலும் வலுவிழக்கச் செய்யும்.