ட்ரூசன்

ட்ரூசன்: முதுமையில் விழித்திரைக்கு அடியில் சேரும் மஞ்சள் நிறப் படிவுகள். விழித்திரையின் ஒளியுணர் செல்களுக்கு அடியில் நிறமிச் செல்கள் ஓரடுக்காக அமைந்துள்ளன. அந்த அடுக்குக்கும் அதைத் தாங்கும் ப்ரூக் படலத்துக்கும் இடையில் இவை உருவாகின்றன. பார்வை நரம்பின் முகப்பில் காணப்படும் சுண்ணக் கட்டிகளும் இதே பெயரால் அழைக்கப்பட்டாலும், அவற்றுக்கும் இவற்றுக்கும் தொடர்பில்லை.

பெயர் சுரங்கத் தொழிலாளர்கள் தந்தது. பாறையின் உட்குழிவில் படிகங்கள் பூத்திருப்பதை ஜெர்மன் சுரங்கங்களில் ‘ட்ரூசே’ என்பார்கள். ‘ட்ரூசன்’ அதன் பன்மை. இந்தப் படிவுகளை முதலில் விவரித்தவர் வியன்னாவின் கார்ல் வெடில் (1854). அடுத்த ஆண்டே உட்ரெக்ட் நகரின் பிரான்ஸ் டோண்டர்ஸ் இவற்றைக் ‘கொலாய்டு உருண்டைகள்’ என்றார்; நிறமிச் செல்லின் உட்கருவே உருமாறி இப்படி ஆகிறது என்பது அவர் கருத்து. வூர்ட்ஸ்புர்க்கின் ஹைன்ரிஷ் முல்லர் 1856-ல் அதை மறுத்து, நிறமிச் செல்கள் கீழ்ப்புறமாக வெளியேற்றும் பொருளே திரண்டு படிகிறது என்றார். ட்ரூசன் என்ற பெயரை வைத்தவரும் அவரே. விளக்கத்திலும் முல்லரே சரி. கண்ணுக்குள் பார்க்கும் கருவியை ஹெல்ம்ஹோல்ட்ஸ் உருவாக்கி ஐந்தே ஆண்டுகள் ஆகியிருந்த காலம் அது. இறந்தவர்களின் கண்களை நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தே இவ்வளவையும் கண்டறிந்தார்கள் என்பது வியப்புக்குரியது. 1874-ல் லண்டனில் ஹட்சின்சனும் டேயும் முதியோரின் விழித்திரை மையத்தில் இத்தகைய மாற்றங்கள் இருப்பதைப் பதிவு செய்தனர்.

63 மைக்ரானுக்குக் குறைந்தவை சிறியவை. 125 மைக்ரானைத் தாண்டினால் பெரியவை. பார்வை நரம்பு முகப்பின் விளிம்பைக் கடக்கும் சிரையின் அகலம் ஏறத்தாழ 125 மைக்ரான் என்பதால், மருத்துவர்கள் அதையே அளவுகோலாகக் கொள்கிறார்கள். விளிம்பு தெளிவாக இருப்பவை கடின ட்ரூசன். விளிம்பு மங்கி ஒன்றோடொன்று கலப்பவை மென் ட்ரூசன். ஓரிரு சிறிய கடினப் படிவுகள் முதுமையில் இயல்பானவை. விழித்திரை மையமான மாக்குலா சிதையும் நோய்க்கு முன்னறிவிப்பு மென்மையான பெரிய படிவுகள்தான். இவற்றில் கொழுப்பு, கொலஸ்ட்ரால், அபோலிபோபுரதங்கள் ஆகியவற்றுடன் நோயெதிர்ப்புக்கான காம்ப்ளிமென்ட் புரதங்களும் இருக்கின்றன. காம்ப்ளிமென்ட் காரணி ஹெச் மரபணுவின் ஒரு மாறுபாடு இந்நோய்க்கான அபாயத்தைக் கூட்டுவதாக 2005-ல் பல குழுக்கள் ஒரே சமயத்தில் கண்டறிந்தன. எனவே அழற்சிக்கும் இதில் பங்கு உண்டு எனக் கொள்ளலாம்.

ஒளியுணர் செல்களுக்கு நேரும் துன்பத்தை ஒரே ஒரு படிவின் குறுக்குவெட்டில் காணலாம். வழக்கமாக அச்செல்களின் வெளிக்கணுக்கள் நெருக்கமாக, நேராக நிற்கும். படிவு மேடிட்ட இடத்தில் அவை சாய்ந்து, குட்டையாகி, இடைவெளி விட்டு நிற்கின்றன. கணுவில் இருக்க வேண்டிய ஒளிநிறமிப் புரதம் செல்லின் உட்பகுதிக்கு இடம் மாறிவிடுகிறது. மேட்டின் ஓரங்களில் நிற்கும் செல்களும் தப்புவதில்லை. அவ்விடத்தில் விழித்திரையின் தாங்கு செல்களும் கிளர்ச்சியடைகின்றன. அவற்றின் பெயர் முல்லர் செல்கள். ட்ரூசனுக்குப் பெயர் வைத்த அதே முல்லர்தான்.

ஒளியுணர் செல்களுக்கு இரத்தக்குழாய் கிடையாது. ஆக்சிஜனும் வைட்டமின் ஏ-யும் கீழிருந்து, ப்ரூக் படலத்தையும் நிறமிச் செல்லையும் கடந்தே வர வேண்டும். கழிவு அதே வழியில் இறங்க வேண்டும். ஒவ்வொரு செல்லும் தன் வெளிக்கணுவில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கை நாள்தோறும் உதிர்க்கிறது, நிறமிச் செல் அதை விழுங்கிச் செரிக்கிறது. இந்தப் பாதையில் கொழுப்பு அடைத்தால் முதலில் வாடுபவை மங்கிய ஒளியில் பார்க்க உதவும் குச்சி செல்கள். அவற்றின் ஒளிநிறமியான ரோடாப்சின் புதுப்பிக்கப்படுவது நிறமிச் செல்லை நம்பியே. பகல் ஒளியில் பார்க்க உதவும் கூம்பு செல்களுக்கு முல்லர் செல்கள் வழியாக மாற்றுப் பாதை ஒன்று உண்டு. அதனால்தான் எழுத்துப் பலகையை நன்றாகப் படிக்கும் முதியவர்கூட, வெயிலிலிருந்து இருண்ட அறைக்குள் நுழைந்ததும் வெகுநேரம் சுவரைத் தடவிக்கொண்டு நிற்கிறார். ‘வயசாச்சு’ என்று வீட்டார் தள்ளிவிடும் இந்தத் தாமதம் நோயின் மிக முந்தைய அறிகுறிகளில் ஒன்று. வழக்கமான பார்வைப் பரிசோதனையில் இது சிக்காது. கண் மருத்துவத்தின் பெருங்குறை இது.

படிவுகளைக் கரைக்கும் நிலையான மருந்து இல்லை. துத்தநாகமும் சில வைட்டமின்களும் சேர்ந்த மாத்திரை நோய் முற்றுவதைத் தாமதப்படுத்தும் என்று 2001-ல் ஓர் அமெரிக்க ஆய்வு காட்டியது; நோய் முற்றிய கண்ணில் செல்கள் அழிந்த திட்டு பரவுவதை மெதுவாக்கும் இரண்டு ஊசி மருந்துகளுக்கு 2023-ல் அந்நாடு அனுமதி அளித்தது.