முந்தி வந்த சபையும் பிந்தி வந்த மண்டபமும்

சிகாகோவில் கிளார்க் தெருவும் வாஷிங்டன் தெருவும் சந்திக்கும் மூலையில் 173 மீட்டர் உயரத்துக்கு ஒரு கட்டடம் நிற்கிறது. அடியில் ஆராதனைக் கூடம், நடுவில் அலுவலகங்கள், உச்சியில் கோதிக் பாணிக் கோபுரம். 1924இல் கட்டிமுடித்தபோது நகரத்திலேயே உயரமானது அதுதான். லண்டனில் வெஸ்ட்மின்ஸ்டர் அபேக்கு எதிர்ப்புறம் 1912இல் திறக்கப்பட்ட மெதடிஸ்ட் சென்ட்ரல் ஹாலுக்குக் கோபுரமே இல்லை. அகன்ற கான்கிரீட் குவிமாடமும் வியன்னா நகரத்து பரோக் பாணி முகப்பும் கொண்ட அதைப் புதிதாய்ப் பார்ப்பவர் இசை நாடக அரங்கு என்றே நினைப்பார். இரண்டும் மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லியின் வழிவந்தவர்கள் கட்டியவை. இரண்டையும் பிரிப்பது பன்னிரண்டே ஆண்டுகள். ஆனாலும் ஒன்று அலுவலகக் கட்டடத்துக்குள் புகுந்துகொண்டது, மற்றது அரங்கின் வேடம் பூண்டது. காரணத்தை இறையியலில் தேடுவதைவிட நிலத்தில் தேடுவது பயன் தரும் என்பது என் எண்ணம்.

சிகாகோ சபை 1831இல் உருவானது. அப்போது சிகாகோ நகரமல்ல, ஊர் என்று சொல்வதே மிகை. 1834இல் ஆற்றின் வடகரையில் மரத்தால் ஒரு சிறு ஆலயம் கட்டினார்கள். ஊர் தென்கரையில் வளரத் தொடங்கியதும் 1838இல் அந்த ஆலயத்தையே பெயர்த்து, ஆற்றில் மிதக்கவிட்டு, உருளைக்கட்டைகள் மேல் உருட்டி இப்போதைய மூலைக்குக் கொண்டுவந்து வைத்தார்கள். 1840இல் சிகாகோவின் மக்கள்தொகை ஏறத்தாழ 4,500. முப்பதே ஆண்டுகளில் அது மூன்று லட்சத்தை எட்டப்போகிறது என்று அந்தச் சபையாரில் எவரும் கணக்குப் போட்டிருக்க முடியாது. அவர்கள் மனை வாங்கினார்கள், அவ்வளவுதான். மனையின் மதிப்பை நகரம் ஏற்றிக் கொடுத்தது.

அந்த மதிப்பை என்ன செய்வது என்பதில்தான் இந்தச் சபையின் தனித்தன்மை தெரிகிறது. 1845இல் எழுப்பிய செங்கல் ஆலயம் போய் 1858இல் நான்கு மாடிக் கட்டடம் வந்தது. கீழே கடைகளும் அலுவலகங்களும், மேலே ஆராதனை. வாடகையில் தங்கள் தேவைக்கு மிஞ்சியதை நகரத்தின் மற்றப் பகுதிகளில் மெதடிஸ்ட் ஆலயங்கள் எழுப்பக் கொடுத்தார்கள். ஆண்டவர் வீட்டின் கீழே வியாபாரமா என்று முகம் சுளிக்கலாம். கோயில் மதிலோரக் கடைகளின் வாடகையில் விளக்கெரிவதைப் பார்த்து வளர்ந்த நமக்கு அவ்வளவு அதிர்ச்சி வராது. எனக்கு அந்த ஏற்பாட்டில் மதிப்புதான் உண்டு. நகர மையத்தில் கடை வாடகை ஏற ஏற, ஓரத்துக் குடியிருப்புகளில் புது ஆலயங்கள் எழுந்தன. நெரிசலில் சிக்கிய ஒரு சபை தன் நெருக்கடியையே பிறருக்கு வருமானமாக்கியது.

1871 அக்டோபர் பெருந்தீயில் அந்தக் கட்டடம் போயிற்று. மனை போகவில்லை. விரைவிலேயே அதே இடத்தில், அதே கடையும் ஆலயமுமான முறையில் மீண்டும் கட்டினார்கள். சபையாரோ மெல்ல மெல்லப் புறநகர்களுக்குக் குடிபெயர்ந்துகொண்டிருந்தார்கள். 1920களின் தொடக்கத்தில், நகர மக்கள்தொகை 27 லட்சமாக இருக்கும்போது, மனையை விற்றுவிட்டு நாமும் போய்விடலாமா என்ற கேள்வி எழுந்தது. போகவில்லை, ஹோலபெர்ட் அண்டு ரோச் நிறுவனத்தைக் கொண்டு வானுயரக் கட்டினார்கள். கோபுரத்துக்குள்ளேயே போதகருக்குக் குருமனை. உலகில் இத்தனை உயரத்தில் குடியிருக்கும் போதகர் வேறு யாராவது இருப்பாரா என்பது சந்தேகமே.

லண்டன் கதையில் இந்த நிதானமான ஏற்றம் கிடையாது. வெஸ்லி 1739 முதல் திறந்தவெளியில் பேசினார். 1778இல் சிட்டி ரோடில் தன் ஆலயத்தைக் கட்டினார். ஆனால் நாடாளுமன்றத்தின் வாசலில் மெதடிஸ்டுகளுக்கு இடம் இருக்கவில்லை. நகரம் நிறைந்து வழிந்த பிறகு, முழு விலை கொடுத்து உள்ளே நுழைய வேண்டிய பிந்தி வந்தவர்கள் அவர்கள். அதற்கும் சேர்த்துத்தான் பத்தொன்பதாம் நூற்றாண்டு முடியும் தறுவாயில் வழக்கறிஞரும் நாடாளுமன்ற உறுப்பினருமான ராபர்ட் பெர்க்ஸ் முன்னின்று ஒரு நிதி திரட்டப்பட்டது: பத்து லட்சம் பேர், ஆளுக்கு ஒரு கினி, அதாவது 21 ஷில்லிங். கொடுத்தவர் பெயர்கள் ஐம்பது தொகுதிகளில் பதிவாயின. திரண்டதில் ஏறத்தாழ கால் பங்கு இந்த மண்டபத்துக்கு ஒதுக்கப்பட்டது.

வாங்கிய இடமும் சாமானியமானதல்ல. அங்கே ராயல் அக்வேரியம் என்ற கேளிக்கை மாளிகை நின்றது. 1877இல் ஒரு பெண்ணைப் பீரங்கியில் வைத்துச் சுட்டு வித்தை காட்டிய இடம். அதை இடித்துவிட்டு, மறுபடியும் ஓர் அரங்கையே கட்டினார்கள் என்பதுதான் வேடிக்கை. அதற்கு நியாயம் இருந்தது. இருக்கை வாடகையும் ஞாயிற்றுக்கிழமை உடுப்பும் தொழிலாளர்களை ஆலய வாசலிலேயே தடுக்கின்றன என்று மெதடிஸ்டுகள் கண்டிருந்தார்கள். 1886இல் மான்செஸ்டரில் தொடங்கி, ஆலயம் போலத் தோன்றாத மண்டபங்களைப் பல தொழில் நகரங்களில் கட்டினார்கள். வெஸ்ட்மின்ஸ்டர் மண்டபம் அந்த வரிசையின் மணிமுடி. இரண்டாயிரம் பேருக்கு மேல் அமரலாம்.

லண்டன் மண்டபமும் வெளியார் கூட்டங்களுக்கு வாடகைக்கு விடப்பட்டது. ஆக இருவருமே இடத்தை வாடகைக்கு விட்டவர்கள். வேறுபாடு வாடகைக்கு வந்தவர்களில். சிகாகோவில் வந்தவர் கதவைச் சாத்திக்கொண்டு தன் வேலையைப் பார்த்தார். மேலே வழக்கறிஞர் என்ன செய்கிறார் என்பது கீழே பாடுபவருக்குத் தெரியாது. 1925இல் ஸ்கோப்ஸ் வழக்கில் பரிணாமக் கொள்கையைக் கற்பித்த ஆசிரியருக்காக வாதாடிய கிளாரன்ஸ் டாரோகூட ஒரு காலத்தில் இங்கே அலுவலகம் வைத்திருந்தார். ஒரே லிஃப்டில் போதகரும் கடவுள் உண்டா என்று ஐயுற்ற வக்கீலும் ஏறியிருக்கக்கூடும், வாடகைச் சீட்டில் அதற்குத் தடையில்லை.

லண்டனிலோ வாடகைக்கு வருபவர் மேடை கேட்டு வந்தார். மேடை கிடைத்தவர் பேசுவார், ஊர் கேட்கும். 1914இல் வாக்குரிமை கேட்ட பெண்கள் கூடினார்கள். 1931இல் காந்தி பேசினார். 1946 ஜனவரி 10ஆம் தேதி ஐ.நா. பொதுச்சபையின் முதல் கூட்டம், 51 நாடுகளோடு, இங்கேதான் தொடங்கியது. அணு ஆயுத ஒழிப்பைக் கோரும் முதல் தீர்மானமும் அந்த மாதமே நிறைவேறியது. (அதே வாரங்களில் லண்டனில்தான் நம் ஆற்காடு இராமசாமி முதலியார் ஐ.நா.வின் பொருளாதார சமூக மன்றத்துக்கு முதல் தலைவரானார்.) அந்த நாட்களில் சபையார் தங்கள் ஆராதனையை வேறு அரங்குக்கு மாற்றிக்கொண்டார்கள். மண்டபத்துக்கு விருந்தாளி பெரிதாகும்போது வீட்டுக்காரர் வெளியே போகவேண்டி வந்தது. இதில் ஓர் ஆபத்தும் உண்டு: 1966 மார்ச் மாத ஞாயிறு ஒன்றில், கட்டடத்தின் ஒரு பக்கம் ஆராதனை நடக்க, மறுபக்கம் தபால்தலைக் கண்காட்சியிலிருந்து உலகக் கால்பந்துக் கோப்பை களவுபோனது. ஊருக்குத் திறந்துவிட்ட கதவு திருடனுக்கும் திறந்ததுதான்.

நகருக்குச் செய்ததில் எது மேல் என்று கேட்டால் என் சாய்வு சிகாகோ பக்கம். மேடையில் நின்றவர்களின் பெயரை வரலாறு வைத்துக்கொள்கிறது. மிஞ்சிய வாடகையில் எழுந்த சிற்றாலயங்களை அந்தந்தத் தெருவைத் தவிர யாரும் பேசுவதில்லை. ஆனால் ஒரு விஷயத்தில் சிகாகோ சறுக்குகிறது. 1952இல் அதன் கோபுரத்தில், ஏறத்தாழ 122 மீட்டர் உயரத்தில், ஒரு சிறு வான் ஆலயம் அமைந்தது. மருந்துக்கடைத் தொடரின் அதிபர் சார்ல்ஸ் வால்கிரீன் நினைவாக அவர் குடும்பம் கொடுத்தது. லண்டன் பதிவேட்டிலோ எவர் பெயருக்கும் ஒரு கினிக்கு மேல் எழுத விதியில்லை. பணக்காரர் கூடுதலாகக் கொடுக்க நினைத்தால் மனைவி, பிள்ளைகள், இறந்துபோன தாய் தந்தையர் பெயரில் இன்னுமொரு கினி கட்டலாம். அந்தப் பெயரும் வேலைக்காரியின் பெயருக்கு மேலோ கீழோ, அதே அளவு எழுத்தில்தான் வரும்.