காட்டுப்பள்ளிக் கடலிலிருந்து ஒரு ஃபேஜ்

மீஞ்சூரை அடுத்த காட்டுப்பள்ளியில் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை 2010இல் வட சென்னையின் தாகம் தீர்க்கத் தொடங்கப்பட்டது. நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர் அதன் திறன். கடலோர நீரில் ஒரு மில்லி லிட்டருக்குள் ஏறத்தாழ ஒரு கோடி வைரஸ்கள் இருக்கும். அவற்றில் பெரும்பாலானவை பாக்டீரியாவை மட்டும் தாக்கும் ஃபேஜ்கள். மனிதருக்குத் தீங்கு செய்யாதவை.

இந்தக் குலத்தின் தடயம் நம் நாட்டிலேயே பதிவானது. கங்கை, யமுனை நீர் காலராக் கிருமியைக் கொல்வதையும், கொதிக்கவைத்தால் அந்த ஆற்றல் போய்விடுவதையும் 1896இல் எர்னஸ்ட் ஹான்கின் எழுதினார். அது ஃபேஜின் வேலையாக இருக்கலாம் என்று பின்னாளில் கருதினர். 1917இல் ஃபெலிக்ஸ் தெரேல் இவற்றுக்கு பாக்டீரியோஃபேஜ் என்று பெயர் சூட்டினார்.

ஆலைக் குழாய்க்குள் புகும் ஒரு ஃபேஜைப் பின்தொடர்வோம். அதன் நீளம் மில்லி மீட்டரில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு அளவே. மணல் வடிகட்டிகளில் சிக்காமல் தப்பினால், அடுத்து வரும் 5 மைக்ரான் வடிகட்டியின் துளை அதைவிட ஐம்பது மடங்கு அகலம், தாராளமாக நுழைந்துவிடும். கடைசியில் அதை நிறுத்துவது ஆர்.ஓ. சவ்வு. சவ்வின் மூலப்பொருளான பாலிஅமைடு குளோரினைத் தாங்காது என்பதால், நீரில் கலந்த குளோரினை இத்தகைய ஆலைகள் சவ்வுக்கு முன்பே நீக்கிவிடுகின்றன. தப்பிய பாக்டீரியாவுக்கு அதுவே வாய்ப்பு. சவ்வில் ஒட்டி, சர்க்கரை, புரதம், டி.என்.ஏ. கலந்த வழவழப்பான பிசினைச் சுரந்து, அதனுள் குடியேறுகின்றன. இதுதான் பயோஃபிலிம். படலம் தடிக்கத் தடிக்க நீர் குறையும், அழுத்தம் ஏறும், மின்செலவு கூடும்.

நம் ஃபேஜ் இந்தப் படலத்தின் வாசலில் நிற்கிறது. தனக்கேற்ற பாக்டீரியா கிடைத்தால் வாலால் பற்றி மரபுப்பொருளை உள்ளே செலுத்தும். செல் வெடித்துப் புதிய ஃபேஜ்கள் வெளிவரும். சில ஃபேஜ்களின் வால்நுனியில் பிசினை அறுக்கும் நொதியும் உண்டு. ஆனால் படலத்தின் ஆழத்தில் உணவின்றி உறங்கும் செல்களில் பெரும்பாலான ஃபேஜ்களால் பெருக முடியாது. ஈ. கோலை சுரக்கும் கர்லி நார்கள் ஃபேஜை வழியிலேயே மடக்குவதை 2018இல் ஓர் ஆய்வு காட்டியது. எதிர்க்கதையும் உண்டு: சூடோமோனாஸ் ஏருஜினோசா என்ற பாக்டீரியாவில் குடியிருக்கும் பி.எஃப். என்ற இழை ஃபேஜ் படலத்தை இன்னும் கெட்டியாக்குகிறது.

ஆகவே சவ்வின் படலத்தை அகற்ற ஏதோ ஒரு ஃபேஜைத் தொட்டியில் கொட்டிப் பலன் எதிர்பார்க்கக் கூடாது. அங்குள்ள பாக்டீரியாவை அறிந்து, அதற்குப் பொருந்துபவற்றைச் சேர்த்து, வழக்கமான ரசாயனச் சுத்திகரிப்போடு இணைத்துச் சோதிக்க வேண்டும். கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டையின் குளிர்விப்புக் கோபுரங்களுக்கும் கழிவுநீர்க் குழாய்களுக்கும் இதே விதிதான். அந்தந்த நீரின் பாக்டீரியாவுக்குப் பழகிய ஃபேஜை அந்த நீரிலேயே தேடுவதுதான் முறை. திருவள்ளூர் மாவட்டக் கல்லூரிகளின் நுண்ணுயிரியல் துறைகள் இத்தேடலை இப்போதே தொடங்க வேண்டும். ஆலைகள் அவர்களுக்கு நீர் மாதிரிகளைத் தந்து உதவ வேண்டும்.