கம்பம் பன்னீர் திராட்சை

பன்னீர் திராட்சை தேனி மாவட்டம் கம்பம் பள்ளத்தாக்கில் விளையும் கருநீலத் திராட்சை வகை. இதன் உலகப் பெயர் மஸ்கட் ஹாம்பர்க். பன்னீரை நினைவூட்டும் மணத்தால் இப்பெயர் பெற்றது. 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்தது.

பிரெஞ்சுப் பாதிரியார் ஒருவர் 1832-ல் இதைத் தமிழகத்துக்குக் கொண்டுவந்தார் என்பது பரவலான செய்தி. ஆண்டு பொருந்தவில்லை. மஸ்கட் ஹாம்பர்க் 19-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் இங்கிலாந்தில் உருவாக்கப்பட்ட கலப்பினம். அதன் பெற்றோரில் ஒன்று அலெக்சாந்திரியா மஸ்கட் என்பதை மரபணு ஆய்வு உறுதிசெய்துள்ளது. 1832-ல் வந்தது வேறு திராட்சையாக இருக்கலாம். அல்லது பாதிரியார் பின்னால் வந்திருக்கலாம். எனவே பாதிரியாரைப் பற்றிய செய்தியை முற்றிலும் தள்ள வேண்டியதில்லை, ஆண்டை மட்டும் மேற்கோள் காட்டாமலிருப்பது நல்லது.

பிரான்சிலும் இது பழகிய பழம். வாந்தூ மலைப்பகுதியில் விளைவது 1997 முதல் பெயர்க்காப்பு பெற்றுள்ளது. வைனுக்காக அல்ல, உண்பதற்காக. போர்தோ சிவப்பு வைனுக்குரிய கபெர்னே சோவிஞோன் தரும் துவர்ப்பு இதில் குறைவு. அந்தத் துவர்ப்பே இறைச்சி உணவுக்கு ஈடுகொடுப்பது. பன்னீர் திராட்சை வைன் மணம் மிகுந்தது, இனிப்புப் பண்டங்களுடன் சேரும்.

பிரான்சில் கொடி குளிர்காலத்தில் உறங்கும், அறுவடை ஆண்டுக்கு ஒருமுறைதான். கம்பத்தில் கொடிக்கு உறக்கம் இல்லை. கவாத்து செய்யும் காலத்தை மாற்றி மாற்றி, ஏதேனும் ஒரு பந்தலில் ஆண்டு முழுவதும் பழம் பறிக்கிறார்கள்.