பழைய ஃபேனுக்குள்ள ஒரு கரண்ட் சண்டை

நூறு வருஷத்துக்கு முந்தைய அமெரிக்க மேஜை ஃபேன், பித்தளை றெக்கையோட கையில கிடைச்சா உடனே பிளக்ல மாட்டத் தோணும். வேண்டாம். முதல்ல நேம்பிளேட்டைப் படிங்க. ஏசியா, டிசியா?

1882 செப்டம்பர் 4 அன்று நியூயார்க்கின் பேர்ல் ஸ்ட்ரீட்டில் எடிசனின் மின்நிலையம் ஓடத் தொடங்கியது. அது கொடுத்தது 110 வோல்ட் டிசி. 1888-ல் டெஸ்லா இண்டக்‌ஷன் மோட்டாருக்குக் காப்புரிமை வாங்கினார், பிறகு ஏசி ஜெயிச்சது. ஆனா டிசி உடனே சாகல. மன்ஹாட்டனில் கடைசி டிசி இணைப்பை கான் எடிசன் துண்டித்தது 2007 நவம்பர் 14-ல்தான்!

அதனால ரெண்டு கரண்ட்டுக்கும் ஃபேன் செஞ்சாங்க. வெளியே பார்த்தா ஒரே மாதிரிதான். உள்ளே டிசி மோட்டாரில் கம்யூட்டேட்டர், கார்பன் பிரஷ் இருக்கும். இண்டக்‌ஷன் மோட்டாரில் அது கிடையாது.

பழுதுபார்க்கும்போது ஒயரை மாத்தியே ஆகணும். பழைய ரப்பர் உறை தொட்டாலே உதிரும், ஷாக் அடிக்கும். பிசினா இறுகிப்போன எண்ணெயையும் துடைச்சு எடுக்கணும். அதெல்லாம் சரி. டிசி மோட்டாரையே தூக்கிட்டு ஏசி மோட்டார் போடறதுதான் எனக்கு உடன்பாடில்லை. நாலு டயோடு போட்ட ரெக்டிஃபயர் போதும். அமெரிக்காவின் 120 வோல்ட் ஏசி, சராசரியா 108 வோல்ட் டிசியா வெளியே வரும். அதை ஃபேனுக்கு வெளியிலேயே வைக்கலாம், எப்ப வேணும்னாலும் கழட்டலாம்.

மோட்டாரை மாத்தினா காத்து வரும். ஆனா தோத்துப்போன ஒரு மின்சாரத்தோட சாட்சி போயிடும்.