ஜீப்பில் வந்த தாங்கி வேட்டைக்காரர்: அப்துல் ஹமீத்



"சேர், யுத்தத் தாங்கிய அடிக்கிறதுக்கு இன்னொரு தாங்கி வேணும்தானே?" என்று ஒரு மாணவன் கேட்டான். எல்லாரும் வாசிக்கட்டும் என்று பதிலை இங்கே எழுதுகிறேன்.

இரண்டாம் உலகப் போரில் தாங்கிகளை அழிப்பதற்குத் தனி வாகனங்கள் இருந்தன. ஜேர்மனியின் ஸ்டூக் 3 காலாட்படைக்கு உதவச் செய்யப்பட்டு, பிறகு தாங்கி வேட்டைக்கு இறங்கியது. சுழலும் கோபுரம் இல்லாததால் செலவும் குறைவு, உயரமும் குறைவு. ஒளிந்து நிற்க வசதி. அமெரிக்காவின் எம்-10 மெல்லிய கவசமும் மேலே திறந்த கோபுரமும் கொண்டது. தாங்கியை அடிக்கத் தாங்கியே நல்லது என்று கருதி, 1946இல் அமெரிக்கா அந்தத் தனிப்படையைக் கலைத்தது.

ஆனால் மலிவான வழி ஒன்று இருந்தது: பின்னுதைப்பில்லாத பீரங்கி. சுடும்போது வாயுவின் ஒரு பகுதி பின்பக்கத்தால் வெளியேறும், குழல் உதைக்காது. ஆகவே 106 மில்லிமீற்றர் பீரங்கியை ஒரு ஜீப்பிலேயே பூட்டலாம். பின்னால் கிளம்பும் நெருப்பும் புழுதியும் ஆளைக் காட்டிக் கொடுக்கும் என்பதுதான் ஆபத்து. சுட்டவுடன் இடம் மாற வேண்டும். ஜீப்புக்குக் கவசமும் கிடையாது.

1965 செப்டெம்பர், இந்திய-பாகிஸ்தான் யுத்தம். பஞ்சாபின் கேம் கரண் பகுதிக்குள் பாகிஸ்தானின் அமெரிக்கத் தயாரிப்பு பேட்டன் தாங்கிகள் வந்தன. இந்தியப் படை அசல் உத்தர் கிராமத்தைச் சுற்றி லாட வடிவில் காத்திருந்தது. வயல்களில் தண்ணீர் பாய்ச்சப்பட்டிருந்தது. உழவு மெசின் சேற்றில் புதைந்தால் என்ன பாடு என்று நமக்குத் தெரியும். பேட்டன் 40 தொன்னுக்கும் மேல். ஹிங்குராணைப் பக்கம் போனவர்களுக்கு இன்னொன்றும் தெரியும்: வளர்ந்த கரும்புக்குள் ஜீப் நின்றால் வெளியே தெரியாது.

அந்தக் கரும்புக்குள் இருந்தவர் அப்துல் ஹமீத். உத்தரப் பிரதேசம் காஸிப்பூர் மாவட்டத்துத் தாமுப்பூரில் 1933இல் பிறந்தவர். தையல்காரக் குடும்பம். 4ஆவது கிரெனேடியர்ஸ் படையில் கம்பனிச் சாமான்களுக்குப் பொறுப்பான ஹவில்தார். செப்டெம்பர் 10ஆம் திகதி, சீமா கிராமத்தருகே, முன்னால் வந்த தாங்கியை அடித்தார், இடம் மாறினார், அடுத்ததை அடித்தார். கடைசியில் எதிரியின் குண்டு அவரது ஜீப்பைத் தாக்கியது. வயது 32.

இந்தியாவின் அதியுயர் இராணுவ விருதான பரம் வீர் சக்ராவை, 1966 குடியரசு தினத்தில் ஜனாதிபதி ராதாகிருஷ்ணனிடமிருந்து மனைவி ரசூலன் பீபி பெற்றுக்கொண்டார்.

எதிரே தாங்கிக்குள் இருந்தவர்களும் பெரும்பாலும் முஸ்லிம்கள். அவர்களுக்காகவும் வீட்டில் உம்மாமார் காத்திருந்தார்கள். ஹமீத் ஆட்களின் மார்க்கத்தைப் பார்க்கவில்லை. தன் ஊரையும் தன் கடமையையும் பார்த்தார்.

சிறுபான்மையாக வாழும் நம்மைப் பார்த்தும் "உங்கட நாடு எது?" என்று சிலர் கேட்பதுண்டு. ஹமீதின் வரலாறு அதற்கு நல்ல பதில். ஆனால் அந்தப் பதிலைச் சொல்ல ஒரு மனிதன் சாக வேண்டியிருக்கக் கூடாது. வயல் விதைப்பவனும், கடலுக்குப் போகிறவனும், பிள்ளைகளுக்குப் படிப்பிக்கிறவனும் அதே பதிலைத்தான் ஒவ்வொரு நாளும் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள்.